பழைய இழைப்புளிகளின் பாகங்கள்: கேள்வி பதில்

பழைய இரும்பு இழைப்புளிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஸ்டான்லி நிறுவனத்தின் பெய்லி வகையையும் அதன் சாயலில் பிறர் செய்தவற்றையும் பற்றியவை என்பதால், என் விடைகளும் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே அமைகின்றன.

கேள்வி: தாத்தாவின் கருவிப் பெட்டியில் 5 என்ற எண்ணிட்ட ஸ்டான்லி இழைப்புளி ஒன்று கிடைத்தது. அதன் உடலில் மூன்று தேதிகள் வார்க்கப்பட்டுள்ளன. லீவர் கேப்பின், அதாவது அலகை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடியின், துளை அவரைக்கொட்டை வடிவில் இருக்கிறது. இது எந்தக் காலத்தது?

அந்தத் தேதிகள் 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று இருக்க வேண்டும். அவை காப்புரிமைத் தேதிகளே தவிர, செய்யப்பட்ட தேதிகள் அல்ல. மூன்றும் சேர்ந்து ஃபிராக்கிற்குப் பின்னால், அதாவது அலகைத் தாங்கும் சாய்வான வார்ப்புத் துண்டிற்குப் பின்னால், இருந்தால், அந்த உடல் 1910-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் வார்க்கப்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் அவரைக்கொட்டைத் துளை 1933-இல்தான் வந்தது. அதற்கு முன் சாவித்துளை வடிவமே வழக்கம். ஆகவே உங்கள் லீவர் கேப் பின்னாளில் யாரோ மாற்றிப் போட்டது. இது குறையன்று, உழைத்த கருவிகளில் பாகங்கள் இப்படிக் கலந்தே கிடைக்கும். முன்குமிழையும் பாருங்கள்: குட்டையாக உருண்டிருந்தால் உடலின் காலத்திற்குப் பொருந்தும், உயரமானது 1920-ஐ ஒட்டி வரத் தொடங்கியது.

கேள்வி: சிப்பிரேக்கர், அதாவது அலகின் மேல் திருகி இறுக்கும் தகடு, உடைந்ததால் வேறொன்று வாங்கிப் பொருத்தினேன். அதே 2 அங்குல அகலம்தான். ஆனால் அலகை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்தை முழுவதும் திருகியும், அலகு அடிப்பாகத்தின் துளையான வாய்க்கு வெளியே வரவில்லையே?

அகலத்தைப் பார்த்து வாங்குவோர் அனைவரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது, நானும் மாட்டியிருக்கிறேன். சக்கரத்தைத் திருகும்போது அசைவது ஒரு கவை. அதன் மேல்நுனி, அலகின் நீள்துளைக்குள் புகுந்து, சிப்பிரேக்கரில் உள்ள சிறிய செவ்வகத் துளையைப் பிடித்துக்கொள்கிறது. அலகை ஏற்றி இறக்குவது உண்மையில் அந்தச் செவ்வகத் துளைதான். அலகு அதனோடு திருகி இறுக்கப்பட்டுக் கூடவே போகிறது, அவ்வளவே. எனவே அத்துளையின் கீழ்விளிம்பிலிருந்து சிப்பிரேக்கரின் முனை வரை உள்ள தூரம் பழையதைவிட 3 மில்லிமீட்டர் குறைந்தாலும், அலகு அந்த அளவுக்கு மேலேயே நின்றுவிடும். கூடினால் நேர்மாறாக, அலகை உள்ளிழுக்க முடியாமல் போகும்.

உடைந்த துண்டு கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். இல்லையென்றால், சக்கரத்தை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி, அலகைப் பொருத்திப் பாருங்கள்; கூர் வாயின் விளிம்பருகே நிற்க வேண்டும். அலகைச் சிப்பிரேக்கருக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சீவல் வரும். ஆனால் சிப்பிரேக்கர் கூருக்கு மிக அருகில் இருந்து நார் பெயர்வதைத் தடுக்கும் பயன் முற்றிலும் போய்விடும்.

கேள்வி: பின்கைப்பிடியைப் பிடிக்கும் நீளத் திருகு முறிந்துவிட்டது. கால் அங்குல போல்ட் பார்க்க அதே மாதிரி இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. எண்ணெய் விட்டு முறுக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். ஸ்டான்லியின் அந்தத் திருகு ஏறத்தாழ 7/32 அங்குலத் தடிமனும் அங்குலத்திற்கு 20 மரையும் கொண்டது. கால் அங்குலத் திருகிலும் பெரும்பாலும் 20 மரையே இருப்பதால் கண்ணை ஏமாற்றுகிறது. வற்புறுத்தினால் வார்ப்பிரும்பு விண்டுவிடும். ஃபிராக்கை இறுக்கும் திருகுகளுக்கும் இதே மரைதான். லீவர் கேப் திருகு 9/32 அங்குலம், 24 மரை. சிப்பிரேக்கர் திருகு 5/16 அங்குலம், 18 மரை. முன்னிரண்டும் சாதாரணக் கடைச்சரக்கில் கிடைக்காத அளவுகள் என்பதால், உடைந்த இன்னொரு இழைப்புளியிலிருந்து கழற்றுவதே எளிய வழி. பிற நிறுவனங்களின் இழைப்புளி என்றால் மரை அளவியை வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: பித்தளைச் சக்கரம் கழன்று வந்துவிட்டது. திரும்ப மாட்டினால் மரை பிடிக்கவே இல்லை. தேய்ந்துவிட்டதா?

தேய்ந்திருக்காது. அது இடது மரை. எதிர்த்திசையில் திருகிப் பாருங்கள். மிகப் பழையவற்றில் மட்டும் வலது மரை உண்டு, ஆகவே ஒரு காலத்துச் சக்கரத்தை மற்றொரு காலத்து ஃபிராக்கில் மாட்ட முயலாதீர்கள்.

கேள்வி: கைப்பிடி எப்போதும் ஆடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

மரம் ஆண்டுக்கணக்கில் சுருங்கியிருக்கிறது. திருகின் நீளம் சுருங்கவில்லை. அதனால் மேலே உள்ள பித்தளை நட், மரத்தை அழுத்துவதற்கு முன்பே மரை முடியும் இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. திருகின் மேல்நுனியில் இரண்டு மரை அளவு அராவிவிட்டால் நட் இன்னும் கீழே இறங்கி மரத்தைப் பிடிக்கும். இதை அறியாமல், ஆடும் கைப்பிடியோடே வேலை செய்து, அதன் மெல்லிய கழுத்தை இருமுறை முறித்திருக்கிறேன். முறிவு புதிதாகச் சுத்தமாக இருந்தால் நல்ல பசையிட்டு ஒட்டலாம். புதிதாகச் செய்வதென்றால் மர நார் இழைப்புளியின் அடிப்பாகத்திற்கு இணையாக ஓட வேண்டும். குத்துவாட்டில் ஓடினால் மேலே நீட்டி நிற்கும் கொம்பு முதல் நாளே போய்விடும்.

கேள்வி: 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள புது அலகு போடலாமா?

போடலாம், ஆனால் பழைய அலகு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். முதலில் ஃபிராக்கைப் பின்னுக்குத் தள்ளி, வாயில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கவையின் நுனி சிப்பிரேக்கர் வரை எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். வாயை அராவி அகலமாக்குவது கடைசி வழி. அராவிய இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

கேள்வி: மர இழைப்புளியின் ஆப்பு தொலைந்துவிட்டது. புதிது செய்வது எப்படி?

கெட்டியான மரத்தில், கொஞ்சம் பெரிதாகவே வெட்டித் தொடங்குங்கள். அலகை உள்ளே வைத்து, அதன் மேல் எஞ்சும் இடைவெளிக்கு ஓர் அட்டையைச் சரிபார்த்து வெட்டினால் சாய்வு கிடைத்துவிடும். ஆப்பின் இரு கால்களும் கீழ்நுனியில் முதலில் அழுந்த வேண்டும். மேலே மட்டும் பிடித்தால், அலகு கூரருகே அதிர்ந்து, மரத்தில் அலையலையாகத் தடம் விழும். பென்சில் தூளைப் பக்கங்களில் தடவி, ஆப்பை மெல்லத் தட்டி இறக்கி எடுங்கள்; கறுப்பு எங்கே மழுங்கிப் பளபளக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல் எடுங்கள், மறுபடி இறக்குங்கள். ஏழெட்டு முறை ஆகும்.