கன்சல்டன்சி வழியாக ஐ.டி. காண்ட்ராக்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பழைய வடஆற்காடு பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் ஐ.டி. காண்ட்ராக்ட் வேலை பற்றியவையே அதிகம். வேலையை விட்டவர்கள், வேலை போனவர்கள், சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கே திரும்பியவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

சார், சென்னையில் ஆறு வருடம் ஜாவா டெவலப்பராக இருந்தேன். அம்மாவுக்கு சி.எம்.சி.யில் சிகிச்சை நடப்பதால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். நௌக்ரி வேலைத் தளத்தில் புரொஃபைலை அப்டேட் செய்ததிலிருந்து கன்சல்டன்சிகள் போன் செய்துகொண்டே இருக்கின்றன. ரெஸ்யூமே வாங்கிக்கொள்கிறார்கள், அதோடு சரி. நான் என்ன தவறு செய்கிறேன்? (வாசகி, சத்துவாச்சாரி)

அம்மா சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் பக்கம் பெரிய தவறு எதுவும் இல்லை. கன்சல்டன்சிக்காரர் கம்பெனிக்கு ஆள் தேடுகிறவர், அவருக்குக் காசு வருவதும் அந்தக் கம்பெனியிடமிருந்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர் நடந்துகொள்வது முழுக்கப் புரிந்துவிடும். ஒரு பெரிய கம்பெனிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா ஆள் வேண்டுமென்றால், அது தன் பட்டியலில் இருக்கிற வெண்டர்கள் (ஆள் அனுப்புகிற நிறுவனங்கள்) எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும், அவர்கள் தங்களுக்குக் கீழே இருக்கிற சின்ன கன்சல்டன்சிகளுக்குச் சொல்வார்கள், அங்கே உட்கார்ந்திருக்கிற பையனோ பெண்ணோ சாயங்காலத்துக்குள் இத்தனை ரெஸ்யூமே அனுப்பியாக வேண்டுமே என்று ஒவ்வொரு நம்பராகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பேசியது அநேகமாக இந்தக் கடைசிப் படியில் இருப்பவரிடம். கிளையன்ட், அதாவது ஆள் கேட்ட அந்தப் பெரிய கம்பெனி, யாரை எடுத்தது என்ற தகவல் பல நேரம் அவருக்கே வந்து சேர்வதில்லை.

அதனால் அடுத்த போன் வரும்போது ரெஸ்யூமே அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: நீங்கள் நேரடி வெண்டரா, நடுவில் இன்னொருவர் இருக்கிறாரா? எத்தனை மாதம்? ரேட் என்ன? இன்டர்வியூ யார் எடுப்பார்கள்? எடுத்த எடுப்பில் கிளையன்ட் பெயரைச் சொல்லத் தயங்குவது சகஜம், நீங்கள் நேராகப் போய்விடுவீர்களோ என்ற பயம் அவருக்கு. ஆனால் உங்கள் புரொஃபைலை அங்கே அனுப்புகிற நேரத்தில் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாக உங்கள் ரெஸ்யூமே போய்விட்டால் எந்த வெண்டருக்கு மார்ஜின் (நடுவில் எடுத்துக்கொள்கிற பங்கு) சேரும் என்ற தகராறு வரும், அந்தத் தலைவலியே வேண்டாமென்று கிளையன்ட் உங்களை ஒதுக்கிவிடும். எனவே இந்த கிளையன்ட்டின் இந்த வேலைக்கு என் பெயரை நீங்கள் அனுப்பலாம் என்று ஒருவருக்கு மட்டும் மெயிலில் சம்மதம் கொடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் குறித்து வையுங்கள். நிறைய பேருக்கு வேலை தட்டிப்போவது இந்த இடத்தில்தான், அது அவர்களுக்குத் தெரியவருவதும் இல்லை.

அப்புறம் ரேட். பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து முடிக்கப் பார்ப்பார்கள். காண்ட்ராக்ட்டில் சம்பளத்தோடு கூடிய லீவு பெரும்பாலும் கிடையாது, ஒரு காண்ட்ராக்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ சும்மா இருக்க வேண்டி வரலாம், மருத்துவக் காப்பீட்டையும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும், உங்கள் வீட்டு நிலையில் அது இல்லாமல் இருக்கவே கூடாது. இதையெல்லாம் கூட்டித்தான் உங்கள் மாத ரேட்டைச் சொல்ல வேண்டும். நடுவில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை மார்ஜின் கழிந்துதான் உங்களிடம் வரும், ஆகவே நேரடி வெண்டர் கிடைத்தால் அவரிடம் அழுத்திப் பேச இடம் உண்டு.

முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். சேர்ந்த இரண்டாவது வாரத்தில் பெங்களூரு ஆபீசுக்கு வாரம் மூன்று நாள் வரச் சொல்வார்கள். சென்னை–மைசூரு வந்தே பாரத் காட்பாடியில் நிற்பதால் என்றைக்காவது ஒரு நாள் போய்வரலாம். வாரம் மூன்று நாள் என்றால் அங்கே ஒரு ரூம் எடுத்தாக வேண்டும், அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? வேலை இடம் எது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இத்தனை பேரில் இன்டர்வியூ முடிந்த பிறகு திரும்பக் கூப்பிட்டு, கிடைக்கவில்லை என்பதையாவது சொல்கிற ஆட்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். ஒரு காண்ட்ராக்ட் முடிய மாதம், ஒன்றரை மாதம் இருக்கும்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பி.சி.ஏ. முடித்து இரண்டு வருடமாகிறது. பெங்களூருவில் ஒரு கன்சல்டன்சி 80 ஆயிரம் கட்டினால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் தயார் செய்து, இன்டர்வியூவில் பேசவும் ஆள் வைத்து காண்ட்ராக்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. அப்பா நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். (வாசகர், குடியாத்தம்)

தம்பி, அந்த நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஒழுங்கான கன்சல்டன்சி வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்காது. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னால் பெரும்பாலான கம்பெனிகள் பி.எஃப். கணக்கைப் பார்க்கும், உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் அந்த மூன்று வருடத்துக்கு ஒரு பைசா கட்டியிருக்காது. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் பொய்ச் சான்றிதழ் கொடுத்தவராகப் பதிவாவது உங்கள் பெயர்தான், பணம் வாங்கியவர் போன் நம்பரை மாற்றிவிட்டுப் போய்விடுவார். அப்படியே உள்ளே நுழைந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. காண்ட்ராக்ட் ஆளை எடுக்கிற கம்பெனி, கற்றுக்கொடுக்க நேரமில்லாமல்தான் வெளியே ஆள் எடுக்கிறது. முதல் வாரத்திலேயே வேலையைக் கையில் கொடுத்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது செய்து காட்டிய வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதிக்காரர்களிடமும், சி.எம்.சி.யைச் சுற்றியிருக்கிற லாட்ஜ்களிலும், உங்கள் ஊர் மொத்தக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள், ஸ்டாக் கணக்கு, ரூம் புக்கிங், பில்லிங் என்று சின்னச் சின்னத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் உண்மையிலேயே ஓடுகிற சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்துவிட்டு அதை ரெஸ்யூமேயில் எழுதுங்கள், அதற்கு யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், ஓட்டிக் காட்டினாலே போதும்.

கன்சல்டன்சிக்கு இன்வாய்ஸ் போட்டு வேலை செய்கிறேன். இரண்டு மாதப் பணம் வரவில்லை. கேட்டால் கிளையன்ட் இன்னும் கொடுக்கவில்லை என்கிறார்கள். (வாசகர், காட்பாடி)

உங்கள் ஒப்பந்தம் கன்சல்டன்சியோடு என்றால் பணம் தர வேண்டியதும் கன்சல்டன்சிதான். கிளையன்ட் அவர்களுக்கு எப்போது கொடுக்கிறது என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கிற விஷயம். கிளையன்ட்டிடமிருந்து வந்த பிறகே உனக்குத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால்தான் சிக்கல், கையெழுத்துப் போடும் முன் அதை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்க மாட்டேன் என்றால் இத்தனை நாளுக்குள் எப்படியும் தருவோம் என்று ஒரு கெடுவாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, நம் பக்கத்தில் பலருக்கும் அது தெரிவதில்லை. தனியாளாகச் சேவைத் தொழில் செய்பவரும் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது (பதிவுக்குக் காசு கேட்கிற இணையதளங்கள் அரசு தளம் அல்ல). 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது, எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். தராவிட்டால் இதற்கென்றே இருக்கிற வசதி மன்றத்தில் மனுப் போடலாம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் முதல் ஒரு பிடி வந்திருக்கிறது. இப்படிக் கெடு தாண்டி நிலுவை வைத்த தொகையை, உண்மையில் கொடுக்கிற வருடம் வரைக்கும் அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது இதை ஞாபகப்படுத்தி ஒரு மெயில் அனுப்புங்கள், அவர்கள் ஆடிட்டரே பணத்தைக் கொடுத்துவிடச் சொல்வார்.

ஒரே ஒரு விஷயம், பதிவை வேலை தொடங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிந்துவிட்டு பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்டால் நிற்பது சந்தேகம். பதிந்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்தப் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ்தான் வழி, அடுத்த வேலைக்காவது இன்றே பதிந்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் கிளையன்ட் மேனேஜர் ஒப்புதல் கொடுத்த டைம்ஷீட்டுகளை (வேலை பார்த்த நேரக் கணக்கு) உங்கள் சொந்த மெயிலில் சேர்த்து வையுங்கள், கிளையன்ட் லாகின் போய்விட்டால் அவை கைக்குக் கிடைக்காது. மூன்றாவது மாதமும் பணம் வராமல் வேலையைத் தொடர வேண்டாம், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார்த்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேசியது 90 ஆயிரம், வந்தது 81 ஆயிரம். கன்சல்டன்சி ஏமாற்றுகிறதா? (வாசகர், வாலாஜாபேட்டை)

இல்லை, அது டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி. தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். அந்த 9 ஆயிரம் உங்கள் பான் எண்ணில் வரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று வருமான வரித்துறை தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு, அதுதான் ஏமாற்று. ஐ.டி. தொழில் செய்பவர்கள் வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டும் வசதி உண்டு, அந்தக் கணக்கில் உங்களுக்குப் பணம் திரும்பவும் வரலாம். ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், அப்போது 18 சதவீதம் ரேட்டுக்கு மேலே வர வேண்டும், ரேட்டுக்குள்ளேயே அடக்கப் பார்ப்பார்கள்.

தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் காண்ட்ராக்ட், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். தம்பியை அனுப்பலாமா? (வாசகி, ஆம்பூர்)

வேண்டவே வேண்டாம். தாய்லாந்து ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் எல்லை தாண்டி மியான்மரில் ஆன்லைன் மோசடி செய்ய வைக்கும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022-லேயே எச்சரித்தது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அங்கே மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். வேலை விசா இங்கேயே கையில் வராமல் விமானம் ஏறக் கூடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், பதிவு பெற்றவர்கூட 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

காண்ட்ராக்ட் முடியப்போகிறது. கிளையன்ட் மேனேஜர் நேரடியாக அவர்களிடமே வந்துவிடச் சொல்கிறார். கன்சல்டன்சி கேஸ் போடுமா? (வாசகர், ஆரணி)

காண்ட்ராக்ட் நடக்கும்போதே தாவினால் பிரச்சினை உங்களுக்கு. முடிந்த பிறகு வேறு எங்கேயும் வேலை செய்யக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடுகிற ஷரத்து 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது. ஆனால் கிளையன்ட்டும் கன்சல்டன்சியும் தங்களுக்குள் போட்டிருக்கிற ஒப்பந்தத்தில், எங்கள் ஆளை நேரடியாக எடுத்தால் இவ்வளவு கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், அது கிளையன்ட்டைக் கட்டுப்படுத்தும். அதனால் மேனேஜரிடம் இதை அவர்களுடைய ஹெச்.ஆரோடு பேசித் தீர்க்கச் சொல்லுங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டே ஆளை எடுத்துக்கொள்கின்றன. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் வரை கன்சல்டன்சிக்காரரிடம் ராஜினாமா பேச்சை எடுக்காதீர்கள், வந்த பிறகு மறைக்காமல் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கும் கட்டணம் கிடைக்கிறது என்றால் கோபப்பட மாட்டார்.