செயற்கை நுண்ணறிவைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வளர்க்க முடியுமா?

முடியும். நீங்கள் கல்லூரி மாணவர், புராஜெக்டுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏஐ மாடலைச் சின்னதாக்குவது பற்றி மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். சர்வர்களைக் குளிரவைக்கும் இயந்திரங்கள் இருக்கும் சில்லர் பிளான்ட் பக்கமும் வாருங்கள். சென்னை ஓஎம்ஆரில் ஒரு டேட்டா சென்டரில் அங்கேதான் எனக்கு வேலை.

சர்வர் இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கி அந்தச் சூட்டை வெளியேற்றுகிறோம். ஆவியாக ஆவியாக மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறும். அதில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோதும் எங்கள் கேட்டில் டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. என்னால் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

எங்கள் சர்வர் ஹால்கள் 20 டிகிரியில் ஓடின. சர்வருக்குள் போகும் காற்று 27 வரை இருக்கலாம் என்பது ஏசி பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. 24 வைக்கலாம் என்றேன். "சர்வர் போச்சுன்னா நீ பதில் சொல்வியா?" என்றார் மேலாளர். நான் விடவில்லை. சர்வர்களை அடுக்கும் ரேக்கில் காலியாக இருந்த இடங்கள் வழியாகப் பின்பக்கச் சூடு முன்னால் வந்துகொண்டிருந்தது. அங்கெல்லாம் பிளாங்கிங் பேனல் போட்டு அடைத்தோம். ஒரு ஹாலில் மட்டும் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். ராத்திரியில் ஒரு சில்லரை நிறுத்தியே வைக்க முடிந்தது. ஒரு சர்வரும் போகவில்லை.

"ஏஐக்கு முன்பும் டேட்டா சென்டர் இருந்ததே" என்று யாராவது கமென்டில் வருவார்கள். இருந்தது, இந்த வேகத்தில் பெருகவில்லை. 2024இல் உலக டேட்டா சென்டர்களுக்கு ஆன மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்றால் 100 கோடி யூனிட்). 2030இல் அது 945 ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது. நான் ஏஐக்கு எதிரி இல்லை, என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அனுமதி கொடுக்கும்போதே அரசு நிபந்தனை போட வேண்டும்: டவருக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பயன்படுத்த வேண்டும்; கரண்ட், தண்ணீர் கணக்கை மையம் வாரியாக வெளியிட வேண்டும் என்று. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நாள்தோறும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த பேனல்களை ராத்திரி முழுக்க முட்டி போட்டு மாட்டிய டெக்னீஷியன்கள் இன்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஊக்கத்தொகை ஐடி டீமுக்குப் போனது. கேட்டதற்கு, "அவங்க நம்ம பே-ரோல்ல இல்லையே" என்றார்கள்.