ஓடைக்கரைப் பறவைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும், அதோடு வந்த 70–300 லென்ஸும் (எஃப்/4.5–6.3) இருக்கின்றன. வால்பாறைப் பக்கம் சோலைக்குள் ஓடும் ஓடையில் சீகாரப் பூங்குருவியைப் படமெடுக்கப் போகிறேன். எல்லாமே இருட்டாகவோ கலங்கியோ வருகிறது. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் 150–600 லென்ஸும், லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்குக் குறைவது தூரமா, வெளிச்சமா? படம் இருட்டாக வருகிறது என்கிறீர்களே தவிர, பறவை சிறிதாகத் தெரிகிறது என்று எழுதவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கேமராவில் 300 மி.மீ. வைத்து 8 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 63 செ.மீ. பூங்குருவியின் நீளம் 25 செ.மீ. அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறவையே வந்துவிடும். அசையாமல் பாறையோரம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் 8 மீட்டருக்கு அது தானாக வரும்.

150–600 லென்ஸை 600-க்கு நீட்டினால் எஃப்/6.3 (இந்த எண் சிறிதானால்தான் வெளிச்சம் அதிகம்). உங்கள் 70–300-ம் 300-ல் அதே எஃப்/6.3 தான்! காசு கொடுத்தும் ஒரு சொட்டு வெளிச்சமும் கூடுதலாக வராது. கை நடுக்கம் மட்டும் இரண்டு மடங்காகத் தெரியும். எடையும் ஏறத்தாழ 2 கிலோ. திறந்த ஏரியில் வாத்துக்கும் நாரைக்கும் அருமையான லென்ஸ், அதில் சந்தேகமில்லை. மரநிழல் ஓடைக்கு அது வேண்டாம்.

என் யோசனை: செகண்ட் ஹேண்டில் நிக்கான் ஏஎஃப்-எஸ் 300 எஃப்/4. எஃப்/6.3-ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/100 நொடியில் எடுத்த படத்தை 1/250-ல் எடுக்கலாம். ஒன்றரை மீட்டர் வரை கிட்டேயும் ஃபோகஸ் ஆகும். ஒரு பொறி உண்டு, கவனம்: இதே 300 எஃப்/4-ல் ‘எஸ்’ இல்லாத பழைய ஏஎஃப் வகையும் விற்பனைக்கு வரும். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி5600-க்குள்ளும் கிடையாது, அதனால் அது உங்களுக்குத் தானாக ஃபோகஸ் செய்யாது. லென்ஸின் மேல் எழுதியிருப்பதை உங்கள் கண்ணால் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 2015-ல் வந்த, முக்கால் கிலோ எடையுள்ள புதிய 300 எஃப்/4 விலை படிந்தால் இன்னும் நல்லது. அதில் நடுக்கம் குறைக்கும் வசதியும் உண்டு.

பழைய லென்ஸை வாங்குமுன் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல நூல்நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ் (பூஞ்சை). பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். உள்ளே வரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கக் கூடாது. ஃபோகஸ் ஆகும்போது மோட்டார் கீச்சிட்டால் அதற்கு ஆயுள் அதிகமில்லை. வீட்டுக்கு வந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வால்பாறை ஈரம் சும்மா விடாது.

பழைய 300-ல் நடுக்கம் குறைக்கும் வசதி இல்லை. அதற்கு ஒரு பீன் பேக் போதும்: பழைய ஜீன்ஸ் துணியில் தையற்காரரிடம் பை தைத்து, உள்ளே புளியங்கொட்டையை நிரப்புங்கள். பாறைமேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் தண்ணீர் மட்டத்திலிருந்தே படம் கிடைக்கும்.

போலரைசர்? தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்கும், உண்மைதான். கூடவே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும், அதாவது பாதி முதல் முக்கால் பங்கு வரை, விழுங்கும். இருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட கதை.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக லென்ஸ் வாங்கினேன். மூன்றாம் மாதமே ஃபோகஸ் நின்றுவிட்டது. “இது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை, வாரன்ட்டி கிடையாது” என்கிறது சர்வீஸ் சென்டர்.
— திருப்பூர் வாசகர்

பதில்: விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். ‘விற்பவர் வாரன்ட்டி’ என்று போட்டிருந்தால் பழுது பார்த்துத் தரவேண்டியது விற்றவர். ‘கம்பெனி வாரன்ட்டி’ என்று சொல்லி இதைத் தந்திருந்தால் அது முறையற்ற வணிகம். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வழக்குக்கு அதுதான் அடிப்படை.

கேள்வி: பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க எந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்லது?
— கோவை வாசகர்

பதில்: எதுவும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று எண்ணி அது சண்டைக்கு வருகிறது. மழைக்காலத்தில், கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு. சரணாலயத்துக்குள் இதற்கெல்லாம் அனுமதியும் இல்லை. அந்தக் காசில் நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும், அட்டைப்பூச்சி கடிக்காமல் காக்கும் காலுறை ஒரு ஜோடி வாங்குங்கள். ஜூலையில் ஓடைக்கரையில் உட்கார்ந்தால் தெரியும்.