ஊர்வலம் திரும்பிவிடும் தெருமுனை

கேள்வி: சுதந்திர தின ஊர்வலம் ஆண்டுதோறும் எங்கள் காலனி முனையோடு திரும்பிவிடுகிறது. முன்பு திரையரங்குகளில் காட்டிய அரசுச் செய்திப் படத்தின் பாணியில், கம்பீரமான பின்னணிக் குரல் ‘ஒன்றுபட்ட ஊர்’ என்று பாராட்ட, இதைக் காணொளியாக எடுக்க நினைக்கிறேன். தேசத்தைக் கேலி செய்யாதே என்று தோழிகள் தடுக்கிறார்கள். இது கலையாகுமா?
– கல்லூரி மாணவி, பென்னாகரம் வட்டம்

பதில்: ஆகும். நீங்கள் தேர்ந்த வழி நம் தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணுக்குப் பழையது. தகடூரை ஆண்ட அதியமானுக்காக, அவனுடைய பகைவனான தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், ‘இங்குள்ள படைக்கருவிகள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, என் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்ற பொருளில் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது பழித்துப் பாடுவதை, நேராகப் பழிக்கும் செம்பொருள், மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு என இரண்டாக வகுக்கும். புகழ்ச்சிக்குள் பழியை மறைக்கும் இது இரண்டாம் வகை.

இம்முறையைக் காணொளிக் கலையில் மிக ஆழமாகக் கையாண்டவராக நான் மதிப்பவர், இஸ்ரேலில் பிறந்த யாயெல் பர்த்தானா. 2007 முதல் 2011 வரை போலந்தை வைத்து அவர் உருவாக்கிய மூன்று படங்களில் முதலாவதில், புல் மண்டிய வார்சா விளையாட்டரங்கில் ஓர் இளந்தலைவர், 30 லட்சம் யூதர்கள் நாடு திரும்ப வேண்டும் என்று முழங்குகிறார். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கு வாழ்ந்த யூதர்கள் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டதால், அழைப்பு காலி இருக்கைகளிடம் போகிறது. இரண்டாம் படம், 1930-களில் பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்கள் எழுந்ததைப் போற்றிய பிரசாரப் படங்களின் ஒளியையும் உழைப்பாளர் புன்னகையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் வார்சாவின் நடுவே மரச்சுவர் எழுந்து அதன்மேல் முள்கம்பி ஏறும்போது, நிற்பது குடியிருப்பா, வதைமுகாமா என்று நெஞ்சு பதறுகிறது. போலந்து இவரை ஒதுக்கவில்லை. தன் குடிமகளல்லாத இவரையே 2011-இல் வெனிஸ் கலைவிழாவுக்குத் தன் சார்பில் அனுப்பியது.

ஆகவே பின்னணிக் குரலைக் கேலியாக்காதீர்கள்; அது முழு நம்பிக்கையோடு ஒலிக்கட்டும். கொடி பிடித்து வரும் பிள்ளைகள் மீது ஏளனம் விழவே கூடாது, அவர்கள் யாரையும் விலக்கவில்லை. கேமராவைக் காலனி முனையிலேயே நிறுத்தி, ஊர்வலம் திரும்பிய பிறகும் அணைக்காமல் விடுங்கள்.

தோழிகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டிய சுப்பிரமணிய சிவா, தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாதென்று ஆங்கில அரசு விலக்கிவைத்த மனிதர். விலக்கப்பட்டவர் நாட்டை நேசிக்காதவர் என்று அவர் வாழ்ந்து மறைந்த இடத்துக்கு அருகிலிருந்துகொண்டு நாம் எப்படிச் சொல்வது?

படம் முடிந்ததும் முதலில் உங்கள் காலனித் தெருவில் போட்டுக் காட்டுங்கள். அங்குள்ள பெரியவர்கள் வெட்டச் சொல்லும் காட்சியை வெட்டிவிடுங்கள்.