மேக்சல்ஃப் ஊசி: பிரசவ வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்

கேள்வி: சிஸ்டர், எட்டாம் மாதத்தில் என் மனைவிக்கு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் வந்தது. மேக்சல்ஃப் என்ற மெக்னீசியம் சல்ஃபேட் போட்டார்கள். அது பிரஷர் ஊசியா?

பதில்: இல்லை தம்பி. பிரஷருக்கு லேபெட்டலால், நிஃபெடிபின் என்று தனி மருந்துகள் உண்டு. இது வலிப்பு வராமல் தடுக்க. வந்துவிட்டால் திரும்ப வராமலிருக்க. 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் சுமார் 10,000 பெண்களிடம் சோதித்தார்கள். வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

கேள்வி: மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் எரிந்தது. அலர்ஜியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ரத்தக்குழாய் விரிவதால் வரும் சூடு அது. முகம் சிவக்கும், வியர்க்கும், குமட்டும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மூச்சுத் திணறினாலோ நாக்கு குழறினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் நர்சிங் மாணவி. ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் முட்டியில் சுத்தியலால் தட்டச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: ரத்தத்தில் மெக்னீசியம் மிஞ்சினால் முதலில் அடங்குவது அந்தக் கால் துள்ளல்தான். அப்புறம் மூச்சு, கடைசியில் இதயம். கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா, மூன்றையும் பார். மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அது மந்தமானால் உள்ளேயே தேங்கும். ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடு. ட்ரேயில் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி எப்போதும் இருக்கட்டும், முறிமருந்து அதுதான்.

ஆம்பூல் என்ற மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பதையும் படித்துப் பார். 50% என்றால் 2 மில்லியில் 1 கிராம். நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், 4 கிராம் போட 2 மில்லி ஆம்பூல் நான்கோடு 12 மில்லி ஸ்டெரைல் வாட்டர் சேர்த்து 20 மில்லியாக்கி, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். நீர்க்காமல் நரம்பில் போடவே கூடாது. கணக்கை இன்னொருவரிடமும் காட்டு. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் நான் இன்றும் காட்டுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு ஆஸ்துமாவுக்கு இதைப் போட்டார்களே?

பதில்: போடுவார்கள். நெபுலைசருக்கும் அடங்காத கடும் இழுப்புக்கு, வழக்கமாக 2 கிராம், 20 நிமிடத்தில்.

கேள்வி: யாருக்குப் போடக்கூடாது?

பதில்: மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறையும் மறைக்காதீர்கள்.

கேள்வி: கடையில் விற்கும் எப்சம் உப்பும் இதுதானாமே? கரைத்துக் குடிக்கலாமா?

பதில்: உப்பு ஒன்றுதான். குடித்தால் வயிறு போகும், வலிப்பு நிற்காது. கால் ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.