நோஷனில் 300 பதிவு, 40 டேக்: எங்கிருந்து சீர்செய்வது?

கேள்வி: வீட்டு பில், வாரன்டி கார்டு, இன்சூரன்ஸ், வரி ரசீது எல்லாவற்றையும் நோஷன் செயலியில் ஒரே டேபிளில் போட்டு வைத்திருக்கிறேன். 300 பதிவுகளைத் தாண்டிவிட்டது. டேக் மட்டும் 40 இருக்கும். தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடிந்ததே 2 வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வகைக்கு ஒரு டேபிளாகப் பிரித்துவிடலாமா?

பதில்: முதலில் இன்சூரன்ஸைப் புதுப்பியுங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். புதுப்பிக்கும் வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

டேபிளைப் பிரிக்காதீர்கள். பிரித்தால், இந்த மாதம் என்னென்ன கட்ட வேண்டும் என்று பார்க்க ஐந்தாறு இடம் திறக்க வேண்டிவரும். உங்கள் சிக்கல் டேக்கில் இருக்கிறது. 'ஸ்கூட்டர்', 'ஸ்கூட்டி', 'வண்டி' மூன்றும் உங்களுக்கு ஒன்று, செயலிக்கு மூன்று. ஒன்றை வைத்து வடிகட்டினால் மற்ற இரண்டும் மறைந்துவிடும்.

எதையும் தொடுமுன் டேபிளை ஒரு டூப்ளிகேட் எடுத்து வையுங்கள். பிறகு 'வகை' என்று செலக்ட் பிராப்பர்ட்டி (ஒரு வரிசைக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பத்தி) ஒன்றைப் புதிதாகச் சேருங்கள். இன்சூரன்ஸ், வரி, வாரன்டி, பில், மருத்துவம், இதர: இந்த ஆறு போதும். டேக் இருக்கும் பழைய மல்டி செலக்ட் பத்தியையே (ஒரு வரிசைக்குப் பல டேக் ஏற்பது) செலக்ட்டாக மாற்றிவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். ஒரு வரிசையில் மூன்று டேக் இருந்தால் ஒன்றுதான் மிஞ்சும். பழைய டேக்கை வைத்து வடிகட்டி, வந்த வரிசைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, புதிய 'வகை'யை ஒரே தடவையில் நிரப்புங்கள். பழைய டேக்கையே திருத்தினால் பாதி வேலையில் வரிசைகள் திரையிலிருந்து நழுவிவிடும். புதிய பத்தி அதற்காகத்தான். கடைசியில் 'வகை' காலியாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ் போன்றவை டேக்கே அல்ல. வாங்கிய தேதி, சீரியல் எண் என்று சொந்த விவரம் உள்ள எதற்கும் தனி வரிசை வேண்டும். 'பொருட்கள்' என்று இரண்டாவது டேபிள் ஒன்று போட்டு, ரிலேஷன் (இரண்டு டேபிளின் வரிசைகளை இணைக்கும் பத்தி) மூலம் இணையுங்கள். ஸ்கூட்டர் பக்கத்தைத் திறந்தால் அதன் எல்லா ரசீதும் அங்கேயே தெரியும். ரோல்அப் (இணைத்த வரிசைகளின் தொகையைக் கூட்டிக் காட்டும் பத்தி) போட்டால் அதற்கு இதுவரை ஆன செலவும் வந்துவிடும். இதையும் முடித்த பிறகுதான் பழைய டேக் பத்தியை அழிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் தவறிப்போனதற்குத் தேதி எழுதிய விதம் காரணமாக இருக்கலாம். தேதியை டெக்ஸ்ட் பத்தியில் எழுதியிருந்தால், 05/11/2025 என்பது 12/03/2025க்கு முன்னால் வந்து நிற்கும். செயலி எழுத்து வரிசையைத்தான் பார்க்கிறது. 'முடியும் தேதி' என்று டேட் பிராப்பர்ட்டி ஒன்று சேர்த்து, காலாவதி ஆகக்கூடிய பதிவுகளுக்கு மட்டும் கையால் நிரப்புங்கள். தானாக மாற்றவிட்டால் நாளும் மாதமும் இடம் மாறிப்போக வாய்ப்புண்டு. முக்கியமானவற்றுக்கு ஒரு வாரம் முன்னதாக ரிமைண்டரும் வையுங்கள்.

அடுத்து, 'கட்ட வேண்டியவை' என்று ஒரு வியூ (அதே டேபிளை வடிகட்டிக் காட்டும் தனிப் பார்வை). பலரும் இதில் 'அடுத்த ஒரு மாதம்' என்று ஃபில்டர் போடுவார்கள். அதில் நேற்றே காலாவதியானது காட்டப்படாது. பார்க்க வேண்டியதே அதுதான். 'இஸ் ஆன் ஆர் பிஃபோர்' (அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ) எடுத்து, 'ஒன் மன்த் ஃப்ரம் நவ்' (இன்றிலிருந்து ஒரு மாதம்) கொடுங்கள். ஸ்டேட்டஸ் பத்தி ஒன்று சேர்த்து, கட்டி முடித்தவற்றை அதன் மூலம் விலக்குங்கள். அப்போது தவறவிட்டவையும் வரப்போவதும் ஒரே பட்டியலில் நிற்கும். தேதி காலியான பதிவுகள் இதில் வராது. இன்சூரன்ஸ், வாரன்டி வகைகளில் தேதி இல்லாதவற்றுக்குத் தனி வியூ வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள்.

புதுப்பிக்கும்போது பழைய வரிசையில் தேதியை மட்டும் மாற்றுவது வேண்டாம். போன வருட பிரீமியம் எவ்வளவு என்பது அழிந்துபோகும். வரிசையை டூப்ளிகேட் செய்து, தலைப்பை 'ஸ்கூட்டர் – இன்சூரன்ஸ் – 2026' என்ற மாதிரி வையுங்கள். வெறும் 'இன்சூரன்ஸ்' என்று பத்துத் தலைப்பு இருந்தால் தேடலில் எது எதுவென்று புரியாது.

இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஸ்கேனைச் சிறிதாக்கி ஏற்றுங்கள். ஆதார் எண், பாஸ்வேர்டு, ஏடிஎம் பின் ஆகியவற்றை மட்டும் தயவுசெய்து இதில் எழுதாதீர்கள். நோஷனில் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் (உங்களைத் தவிர நிறுவனத்தாலும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது.