குப்பைமேட்டில் முளைத்த தக்காளி

கேள்வி: எங்கள் குப்பைமேட்டில் தானாக முளைத்த தக்காளிச் செடியில், வரிவரியாகப் பள்ளம் விழுந்த புளிப்பான பழங்கள் காய்க்கின்றன. இது நாட்டு இரகம்தானா? விதை எடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பள்ளத்தை மட்டும் வைத்து இரகத்தைச் சொல்லிவிட முடியாது; சந்தையில் வாங்கிய வீரிய ஒட்டு (இரு இரகங்களைக் கலந்து உருவாக்கிய) பழத்தின் விதைகூட அங்கே விழுந்து முளைத்திருக்கலாம். அதன் விதையிலிருந்து 10 செடிகளாவது வளர்த்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோல் காய்த்தால், தலைமுறை மாறினாலும் குணம் மாறாத நிலைத்த இரகம் என்று நம்பலாம். ஆளுக்கொரு விதமாகக் காய்த்தால் ஒட்டின் வாரிசுதான். நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சுற்றியிருந்து முளைப்பைத் தடுக்கும் வழவழப்பான கூழ் கரையும்வரை 2 நாள் புளிக்கவைத்து, மேலே படரும் வெண்ணிற ஆடையைக் கண்டு அஞ்சாமல் அலசி, அடியில் தங்கும் விதைகளை நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் தட்டே நல்லது.